பட்டிவாசல் கல்

அந்த ஆகஸ்டில் மழை விட்டுக்கொடுத்தது மொத்தமே நாலு நாள். அதற்குள் புல்லை அறுத்து, கம்பியில் காயப்போட்டு, பரணேற்றிவிட வேண்டும். மாமன் மச்சான், பங்காளி, பகையாளி எல்லோரும் ஒரே சரிவில் நின்று அறுத்துக்கொண்டிருந்தார்கள். வடகடலில் கிடக்கிற எங்கள் தீவில் பகையைப் புல் காய்ந்த பிறகுதான் பார்த்துக்கொள்வார்கள். இரண்டாம் நாள் மத்தியானம், ஹெய்னியின் வீட்டுக்கு மேல் சரிவில், அவன் மகள் ரன்வா புல்வாரியைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பதிமூன்று வயசுப் பெண். வலது கால் மடங்கியிருந்தது. அந்தக் கோடையில் அது மூன்றாவது தடவை.

ஹெய்னி அரிவாளைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றான். நீளக் காம்பு போட்ட அரிவாள்.

"என்ன, மறுபடியுமா?"

"கால் மடங்கிட்டுப்பா."

"மடங்கிட்டா, மடக்கிக்கிட்டியா? புல்லு வாருததுன்னா மட்டும் அது எப்படிட்டி சொல்லிவச்ச மாதிரி மடங்குது?"

"ஏ, விடுலே. பச்சப்புள்ள" என்றார் பக்கத்து வீட்டு நிக்லாய். அறுபது வயசு ஆள். அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

ஹெய்னிக்குக் கோபம் வந்தால் நாக்கு முன்னால் ஓடும், புத்தி பின்னால்தான் வரும்.

"பச்சப்புள்ளயா? எங்க வீட்டுல இன்னொரு வாசக்காரி வந்து பொறந்திருக்கா அண்ணே" என்றான்.

நிக்லாயின் தீட்டுக்கல் நின்றது. கம்பியில் புல் போட்டுக்கொண்டிருந்த ஹெய்னியின் மனைவி சுன்னுவா, அள்ளிய புல்லைப் போடாமல் அப்படியே நின்றாள். இருபத்தொரு வருஷமாக அந்த வீட்டில் யாரும் வாயில் எடுக்காத வார்த்தை அது.

வருஷா வருஷம் அக்டோபரில் நாங்கள் மலையிலிருந்து ஆடு இறக்குவோம். முகட்டிலிருந்து கடல் விளிம்பு வரைக்கும் ஆட்கள் வரிசை கட்டி, மந்தையை முன்னால் தள்ளிக்கொண்டு கீழே கல்பட்டிக்குக் கொண்டுவர வேண்டும். வரிசையில் ஒரு ஆள் பின்தங்கினால் போதும். அந்த இடைவெளியில் ஒரு கிடா புகுந்தால் அத்தனை ஆடும் அதன் பின்னால் புகுந்துவிடும். அப்படி வரிசையை உடைத்தவனுக்கு எங்கள் ஊரில் அடி கிடையாது, அபராதம் கிடையாது. அதற்குப் பிறகு அவன் மலை ஏறக்கூடாது, பட்டிவாசலில் நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கேட்பதற்கு ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஊர் ஆம்பிளைகள் எல்லாம் மேலே நிற்க, கிழவிகளோடும் கைக்குழந்தைகளோடும் கீழே நிற்கிறவனைக் கேட்டால்தான் தெரியும்.

ஹெய்னியின் தம்பி சாக்காரிஸ் பதினாலு வயசில் வரிசையை உடைத்தான். மூடுபனியில், சரிவில், உட்கார்ந்துவிட்டான். மந்தை பின்னால் பாய்ந்து, பதினேழு ஆடு கடல் விளிம்பிலிருந்து கீழே விழுந்து செத்தது. "கால் வலிச்சுது" என்றான் சாக்காரிஸ். "பொய் சொல்லுதான். சோம்பேறிப் பய. வேணும்னே உக்காந்தான்" என்று ஊர் நடுவில் சொன்னது வேறு யாருமில்லை, பதினெட்டு வயசு அண்ணன் ஹெய்னிதான். அஞ்சு வருஷம் வாசலில் நின்றான் சாக்காரிஸ். சின்னப்பிள்ளைகள்கூட 'வாசக்காரன்' என்றுதான் கூப்பிட்டன. பத்தொன்பதாவது வயசில் கிரீன்லாந்துப் பக்கம் போகிற மீன்பிடிக் கப்பலில் ஏறினான். அந்தக் குளிர்காலமே கடல் அவனைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது ஹெய்னிதான் ஆடு இறக்குவதற்குத் தலைவன். யார் எங்கே நிற்பது என்று அவன்தான் சொல்லுவான். ஆண்பிள்ளை இல்லாத வீடு, ரன்வாவைத்தான் இந்த அக்டோபரில் வரிசைக்குக் கொண்டுபோவதாக இருந்தான். ரன்வாவுக்கோ மலை என்றால் உயிர். நூற்றிச் சொச்சம் ஆட்டையும் முகத்தைப் பார்த்தே இன்னாருடையது என்று சொல்லிவிடுவாள். வரிசையில் நிற்க வேண்டும் என்று ஏழு வயசிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்ட பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்ல அந்த மனுஷனுக்கு எப்படித்தான் நாக்கு வந்ததோ.

அன்று சாயங்காலம் உருளைக்கிழங்கும் அவித்த மீனும் வைத்துக்கொண்டு மூன்று பேரும் தின்றார்கள். ரன்வா எழுந்து போன பிறகு சுன்னுவா ஆரம்பித்தாள்.

"டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"எதுக்கு? இங்க இருந்த டாக்டர்தான் பாத்தாருல்லா? சுளுக்குன்னு துணியச் சுத்திவிட்டாரு. போன வருஷமும் சுளுக்கு, அதுக்கு முந்தின வருஷமும் சுளுக்கு."

"அதான் கேக்கேன். ஒரு சுளுக்கு ரெண்டு வருஷமாவா வரும்?"

"மலையில பட்ட கால் மலையிலதான் ஆறும் சுன்னுவா. எனக்கு இதே வயசுல இதே வலி இருந்துது, தெரியுமா? எங்கப்பா என்ன, ஆஸ்பத்திரிக்கா கொண்டுபோனாரு? தெனமும் சாயங்காலம் சரிவுல குறுக்க நடக்கவிட்டாரு. வலிக்குற கால் மேட்டுப் பக்கமா இருக்கணும். ரெண்டு வருஷம். அழுதுக்கிட்டே நடந்தேன். அப்புறம் வலி போன எடம் தெரியல. இந்தா, நாப்பத்தி நாலு வயசாச்சு. நான் நொண்டுதேனா?"

"உன் தம்பிக்கும் அதே வைத்தியந்தான பாத்தாங்க?"

ஹெய்னி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "அவன் சரியா நடக்கல. ஏமாத்துனான். அதான் ஆறல" என்றான்.

மறுநாளிலிருந்து வைத்தியம் தொடங்கிற்று. நான் அதைக் கொடுமை என்று சொல்லமாட்டேன். அவன் வரைக்கும் அது பாசம். தனக்குப் பலித்த மருந்தை மகளுக்குக் கொடுக்கிறான். மீன் இறக்கும் வேலை முடிந்து, உடம்பெல்லாம் செதிலோடு வருவான். காப்பியைக்கூடக் குடிக்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு சரிவுக்குப் போவான். தூறலாக இருக்கட்டும், காற்று ஆளைத் தள்ளட்டும், கொட்டகையிலிருந்து ஓடை வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். அவன் பின்னாலேயே நடப்பான்.

"காலைத் தரையோட சாய்ச்சு வையி மக்ளே. மலை எப்படி இருக்கோ அப்படிச் சாயணும் கால்."

"சாய மாட்டேங்குப்பா."

"சாய்க்கணும்னு நெனைச்சாச் சாயும். இன்னும் கொஞ்சம். இந்த வெள்ளாட்டுக்குட்டி வரைக்கும்."

"அது செம்மறிப்பா" என்பாள் ரன்வா, பல்லைக் கடித்துக்கொண்டு. ரெண்டு பேரும் சிரிப்பார்கள். ஒரு மாசம் இப்படிப் போயிற்று. அவள் ஒரு நாளும் வலிக்கிறது என்று சொல்லவில்லை. ஹெய்னி கால் தேறுகிறது என்று நினைத்துக்கொண்டான்.

செப்டம்பர் முதல் வாரம் சுன்னுவா கம்பளித் துணிகளைத் துவைக்க எடுத்தாள். மகளின் ஸ்வெட்டரில் வலது கைமுனை பிய்ந்து தொங்கியது. எங்கேயாவது கம்பியில் மாட்டியிருக்கும் என்று பார்த்தால், நூல் அறுபடவில்லை, மென்று கூழாகியிருந்தது. இடது கையும் அப்படியே. வாய் விட்டு அழாமல் இருக்கக் கையைக் கடித்துக்கொண்டே நடந்திருக்கிறது பிள்ளை. சுன்னுவா வாளித் தண்ணீரைக் காலடியில் கொட்டிவிட்டு, நேரே போய் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். ஹெய்னியைக் கேட்கவில்லை. தாயும் தகப்பனும் ரெண்டு பேரும் வர வேண்டும் என்று பத்து நாளில் கடுதாசி வந்தது.

கடுதாசி வந்த அன்று ஹெய்னி நிக்லாயோடு பட்டிச் சுவரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். குளிர்காலத்தில் சரிந்த கற்களை எடுத்து அடுக்க வேண்டும், கதவுக் கீலுக்கு எண்ணெய் போட வேண்டும்.

"வாசல்ல கெடக்க இந்தப் பலகைக் கல்ல என்னதான் செய்ய?" என்றார் நிக்லாய். "வருசத்துக்கு ஒரு ஆடு இதுல தட்டி விழுது. போன தடவ ஜோடிக்குட்டி போட்டவ கால ஒடிச்சுக்கிட்டா."

"யாரு போட்டது இத?"

"யாருக்குத் தெரியும். எங்கய்யா காலத்துல இல்ல. நல்லாப் புதைச்சுல்லா வச்சிருக்கான், கைக்கு வரமாட்டேங்கு."

"ஆடு இறக்குத அன்னைக்குக் கடப்பாரையக் கொண்டு வாங்கண்ணே. பேத்துப் போட்ருவோம்" என்றான் ஹெய்னி.

டவுனுக்குப் படகில் மூன்று மணி நேரம். ஹெய்னி ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வழியெல்லாம் வானத்தையே குறை சொல்லிக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரியில் எலும்புக்குப் பார்க்கிற டாக்டரம்மா, கம்மல்கூடப் போடாத ஒல்லியான பெண். அதிகம் பேசவில்லை. ரன்வாவைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, காலுக்குப் பின்னால் தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"நுனிக்கால்ல எம்பி நில்லு பாப்போம்."

ரன்வா எம்பினாள்.

"அம்மா, நீங்களும் செருப்பைக் கழட்டிட்டுப் பக்கத்துல நின்னு எம்புங்க. இப்ப ரெண்டு பேர் குதிகாலையும் பாருங்க. எம்பும்போது அம்மாவோடது உள்பக்கமா திரும்புது, உள்ளங்கால்ல குழி விழுது. இவளோட வலது குதி திரும்பவே இல்ல. எம்பினாலும் தட்டையாவே இருக்கு."

படம் எடுத்தார்கள். முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்தால் தெரியாதாம், காலைச் சாய்த்து வைத்து ஒரு படம் எடுத்தார்கள். அதை வெளிச்சத்தில் மாட்டி டாக்டரம்மா பென்சிலால் காட்டினாள்.

"கணுக்கால் மேலயும் கீழயும்தான் ஆட்டும். பக்கவாட்டுல சாயறது அதுக்குக் கீழ இருக்கற எலும்புங்களோட வேலை. இது குதிகால் எலும்பு. இது படகு மாதிரி இருக்குல்ல, அதனால படகெலும்புன்னே பேரு. ரெண்டும் தனித்தனியா நகரணும். இவளுக்குப் பிறக்கும்போதே ரெண்டுக்கும் நடுவுல ஒரு பாலம் இருந்திருக்கு. சின்ன வயசுல அது குருத்தெலும்பு, வளைஞ்சு கொடுக்கும். பத்துப் பதினொண்ணு வயசுல கெட்டி எலும்பா மாற ஆரம்பிக்கும். அப்பத்தான் வலி வரும். மேடு பள்ளத்துல வச்சா கால் சாயாது, மடங்கிக்கும்."

ஹெய்னி படத்தின் பக்கத்தில் போய் நின்று பார்த்தான். மீனின் செவுளைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"ரெண்டு படகை ஒண்ணோட ஒண்ணு கட்டி அலையில விட்ட மாதிரி" என்றான்.

"அதேதான். கட்டின இடம் தேயும், இல்லாட்டி அறும்."

"அப்ப, இவ வேணும்னு..."

"எதை வேணும்னு?"

ஹெய்னி படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். சுன்னுவா சொன்னாள்: "சாய்க்கணும்னு நெனைச்சாச் சாயும்னு சொல்லி ஒரு மாசமா சரிவுல நடக்கவிட்டாரு. அதக் கேக்காரு."

டாக்டரம்மா பென்சிலைக் கீழே வைத்தாள். "இது பரம்பரையா வர்றது. வீட்டுல வேற யாருக்காவது?"

"எங்க வம்சத்துல ஒருத்தனுக்கும் ஒரு கொறையும் கெடையாது" என்றான் ஹெய்னி. "எனக்குச் சின்னதுல வலி இருந்துது. நடந்து நடந்து ஆறிட்டு."

"சாக்ஸைக் கழட்டுங்க."

"நான் சீக்காளியா?"

"கழட்டு ஹெய்னி" என்றாள் சுன்னுவா.

ஆறடி உயரமும் அதற்கேற்ற அகலமுமாக ஹெய்னி சுவரைப் பார்த்து நின்று, மகள் நின்ற இடத்திலேயே, நுனிக்காலில் எம்பினான். ரன்வா பின்னால் குனிந்து பார்த்தாள்.

"அப்பா," என்றாள், "உனக்கும் திரும்பல. ரெண்டு காலுமே திரும்பலப்பா."

டாக்டரம்மா அவன் பாதத்தைக் கையில் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். பலகை மாதிரி நின்றது. "உங்களுக்கு ஆறலைங்க. இறுகிடுச்சு. பாலம் முழுசா எலும்பாகிப் பூட்டிக்கிச்சு, அதான் வலி நின்னுது. சில பேருக்கு அப்படி ஆகும், பல பேருக்கு ஆகாது. மலையில எப்படி நடக்கறீங்க?"

"எனக்கு நடுத்தட்டு. வீட்டுக்கு மூத்தவனுக்கு அதான் எடம். பாறை அடுக்குக்கு நடுவுல புல்தட்டு, கூடத்துத் தரை மாதிரி இருக்கும்."

"அதான் தப்பிச்சீங்க. கூடப்பிறந்தவங்க யாராவது?"

சுன்னுவா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெய்னி சாக்ஸைக் கையில் வைத்துச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தான்.

"ஒரு தம்பி. இளையவனுக்கு நடுத்தட்டுக்குக் கீழ, சரிவுல எடம்" என்றான். "அவனுக்கும் வலிக்குன்னு சொன்னான். நான்..." பிறகு மெதுவாகக் கேட்டான். "அவனுக்கும் இதுதானா டாக்டரம்மா?"

"அவரைப் பாக்காம நான் சொல்ல முடியாது."

"பாக்க முடியாது" என்றான் ஹெய்னி.

பிறகுதான் செய்ய வேண்டியதைச் சொன்னாள். சில பிள்ளைகளுக்கு மாவுக்கட்டும், செருப்புக்குள் ஒரு தாங்கியும் போதும். ரன்வாவுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. பாலத்தை வெட்டி எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் எலும்பு மறுபடி வளர்ந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கொஞ்சம் கொழுப்பை வைத்து அடைக்க வேண்டும்.

"கொழுப்பா? ஆட்டுக் கொழுப்பா?" என்றாள் ரன்வா.

"உன்னோடதுதான். பின்பக்கத்துல இருந்து கொஞ்சம் எடுப்பேன்."

"அங்க வேணுங்குற மட்டும் இருக்கு, எடுத்துக்கோங்க."

சுன்னுவாகூடச் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் ரன்வா, "அப்ப அடுத்த வருசம் வரிசையில நிக்கலாமா?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா அவள் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பொய் சொல்ல மாட்டேன் கண்ணு. பக்கத்து மூட்டு ஓரம் ஏற்கனவே தேய ஆரம்பிச்சிருக்கு. சமதரையில வலியில்லாம நடப்ப, அதுக்குத்தான் இது. அந்த மாதிரிச் சரிவுல நாள் முழுக்க நடக்கறது இனிமே வேண்டாம். ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா வேற மாதிரி பேசியிருப்பேன். இந்த ஒரு மாசமும் அதுக்கு நல்லது செய்யல."

ரன்வா தலையை ஆட்டினாள். கைமுனையை வாய்க்குக் கொண்டுபோனாள், பிறகு அம்மாவைப் பார்த்துவிட்டுக் கீழே விட்டாள். ஹெய்னி காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

திரும்பும்போது கடல் கொந்தளிப்பாக இருந்தது. ரன்வா உள்ளே பெஞ்சில் தூங்கிவிட்டாள். ஹெய்னி மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சுன்னுவா காப்பி எடுத்துக்கொண்டு போனாள். படகு சாய்ந்தபோது அவள் முட்டியும் காலும் தானாகவே சாய்ந்து கொடுத்தன, காப்பி சிந்தவில்லை. ஹெய்னி அவள் காலையே பார்த்தான்.

"நான் எப்பவும் கம்பியப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னிருக்கேன்" என்றான். "சின்னதுலேர்ந்து. இன்னைக்குத்தான் அது எனக்கே தெரியுது."

"காப்பியக் குடி."

"அந்தக் கப்பல் தலைவரு கடுதாசி போட்டாருல்லா, சாக்காரிஸ் போனப்ப. ஞாபகம் இருக்கா? 'தளம் சரிஞ்சுது, நாங்க எல்லாரும் சாஞ்சு நின்னுக்கிட்டோம், உங்க தம்பி மட்டும் சாயல, நின்னபடியே போயிட்டான்'னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? கப்பல்லயும் தூங்கியிருக்கான் பயன்னு சொன்னேன். எங்கம்மா காதுபட." கம்பியை இன்னும் இறுகப் பிடித்தான். "அவனுக்குச் சாயாது சுன்னுவா. சாய முடியாது அவனால. சரிவுல நிக்க முடியாதவன ஆடுத கப்பலுக்கு வெரட்டி விட்டவன் நான்தான்."

சுன்னுவாவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதே நேரம் ஸ்வெட்டர் கைமுனையும் ஞாபகம் வந்தது. இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"ஆமா ஹெய்னி" என்றாள். "தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தாத்தான் தெரியும்பாங்க. உனக்கு வந்தும் தெரியல." பிறகு காப்பியை அவன் கையில் திணித்து, அந்தக் கையின்மேல் தன் கையையும் வைத்துக்கொண்டாள். ஊர் தெரிகிற வரைக்கும் ரெண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

செப்டம்பர் கடைசியில் வெட்டினார்கள். எடுத்த எலும்பு ஒரு பட்டாணி அகலம், ரெண்டு பட்டாணி நீளம். இவ்வளவுதானா என்று ஹெய்னி ரெண்டு தடவை கேட்டான்.

அக்டோபர் மூன்றாம் வாரம் ஆடு இறக்குகிற நாள் வந்தது. விடிந்து பனி விலகியதும் ஆட்களும் நாய்களும் பட்டியருகே கூடினார்கள். காற்றில் உலர்த்திய ஆட்டுத்தொடையைச் சீவி ரொட்டியில் வைத்துத் தின்றுகொண்டே எல்லோரும் ஹெய்னியின் வாயைப் பார்த்தார்கள். அவன் முகட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டு வந்தான்.

"நடுத்தட்டு நிக்லாய் அண்ணன்."

"எனக்கா? அப்ப நீ?"

"வாசல்."

யாரோ சிரித்தார்கள். கேலி என்று நினைத்திருக்க வேண்டும். ஹெய்னியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"தலைவன் வாசல்ல நிக்கவா? என்னலே பேசுத? நீ எப்ப வரிசைய ஒடைச்ச?" என்றார் நிக்லாய்.

"இருவத்தாறு வருசமாச்சு அண்ணே ஒடைச்சு. யாருக்கும் தெரியல." ஹெய்னி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "எல்லாரும் கேளுங்க. எம் மக காலுல எலும்பு ஒட்டிப் பொறந்திருக்கு. எனக்கும் அதே காலுதான், டாக்டரம்மா பாத்துச் சொன்னாங்க. எந்தம்பிக்கும் அதேதான் இருந்திருக்கும். அவன் பொய் சொல்லல. வலிக்குன்னு சொன்னவனச் சோம்பேறின்னு ஊர் நடுவுல சொன்னது நான். இனிமே அந்தப் பேரச் சொல்லி இந்த ஊர்ல யாரையும் கூப்பிடக் கூடாது. கூப்பிடணும்னா என்னக் கூப்பிடுங்க."

நாய்கள்தான் முனகின. நிக்லாய் தாடையைத் தேய்த்தபடி தரையைப் பார்த்தார். "அந்தப் பேர வச்சவன் நான்லே" என்றார் கடைசியில். "ஒரு சிரிப்புக்கு வச்சேன்." பிறகு தடியை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் திரும்பினார். அவர் பின்னால் ஒவ்வொருவராக ஏறிப் போனார்கள். போகிறபோது நாலைந்து பேர் ஹெய்னியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். தொடாமல் போனவர்களும் உண்டு.

கீழே சுன்னுவாவும் மற்றப் பெண்களும் பெரிய பானையில் சூப்புக்குத் தண்ணீர் வைத்தார்கள். ரன்வா கக்கத்துக் கட்டைகளோடு சுவர் ஓரமாக உட்கார்ந்து, மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு, முகட்டில் புள்ளிகளாகத் தெரிகிற ஆட்களைப் பேர் சொல்லி எண்ணினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. துடைத்துக்கொண்டாள், மறுபடி எண்ணினாள்.

ஹெய்னி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மந்தை வர ரெண்டு மணி நேரமாவது ஆகும். பட்டிவாசல் இருக்கிற இடம் நல்ல சரிவு, கடல் பக்கமாக இறங்குகிறது. அரை மணியில் கணுக்காலின் வெளிப்பக்கம் இழுத்தது. ஒரு மணியில் தொடை வரைக்கும் ஏறிற்று. வருஷா வருஷம் நாள் முழுக்க மலையில் நின்றவனுக்கு இங்கே நிற்க முடியவில்லை. காலை மாற்றி மாற்றி வைத்தான். நிக்லாய் கொண்டுவந்த கடப்பாரை சுவரில் சாத்தியிருந்தது. சும்மா நிற்பதற்கு அந்தக் கல்லையாவது பெயர்ப்போம் என்று எடுத்தான். ஊன்றுவதற்காக வலது காலைக் கல்லின்மேல் வைத்தான். பிறகு இடது காலையும் வைத்தான்.

வலி நின்றுவிட்டது.

அவன் கீழே பார்த்தான். தரை சரிந்தது, கல் சரியவில்லை. குனிந்து, மண்டிய புல்லைக் கையால் விலக்கினான். கடல் பக்கமாக, கல்லுக்கு அடியில், சின்னச் சின்னக் கற்களை அளவு பார்த்துச் சொருகியிருந்தது. ஒன்று பெரிது, அடுத்தது அதற்குச் சின்னது, கடைசியில் விரல் பருமனில் ஒரு சில்லு. தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கமும் ஓடாது, அவ்வளவு சமம். அளவும் ஒரு ஆள் ரெண்டு கால் வைத்து நிற்கிற அளவு, அதற்கு மேல் ஒரு அங்குலம் கிடையாது. நல்ல கால் உள்ளவன் எவனுக்கும் இந்த இடத்தில் இந்தக் கல் தேவைப்பட்டிருக்காது.

அஞ்சு அக்டோபர் இதன்மேல் நின்றிருக்கிறான் சாக்காரிஸ். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்பியிருப்பார்கள்? கல்லைப் புரட்டிக்கொண்டு வந்து, தானே வைத்தியம் பார்த்துக்கொண்டு, பேசாமல் நின்றிருக்கிறான்.

ஹெய்னி கடப்பாரையைச் சுவருக்கு அப்பால் தூக்கி எறிந்தான். அது பாறையில் பட்டுச் சத்தம் போட்டது. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கல்லின்மேல் உட்கார்ந்து, ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். சுன்னுவா கரண்டியோடு ரெண்டு எட்டு வந்தாள், பிறகு நின்றுகொண்டாள். ரன்வாதான் கட்டைகளை ஊன்றி ஊன்றி வந்தாள்.

"அப்பா, என்னப்பா?"

அவன் எழுந்து இடம் விட்டான். "இதுல ஏறி நில்லு. அந்தக் கால லேசா வையி, அழுத்தாத."

அவள் ஏறினாள். ஒரு கட்டையைச் சுவரில் சாத்தினாள், பிறகு மற்றதையும் சாத்தினாள்.

"இது சமமா இருக்குப்பா."

"ஆமா. உங்க சித்தப்பா போட்டது."

அவள் பிறந்து பதிமூன்று வருஷத்தில் 'உங்க சித்தப்பா' என்று அப்பா அவளிடம் சொல்வது இதுதான் முதல் தடவை. அவள் கல்லைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"அவரு எப்படி இருப்பாரு?"

ஹெய்னி யோசித்துப் பார்த்தான். முகம் ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்றது. நடை மட்டும்தான் வந்தது, வலது காலை வெளியே திருப்பி, நோகாமல், மெதுவாக.

"உன்ன மாதிரிதான் நடப்பான் மக்ளே" என்றான்.

மேலே நாய் குரைத்தது. நடுத்தட்டிலிருந்து நிக்லாயின் குரல் இறங்கி வந்தது, அதன் பின்னால் மந்தை, தண்ணீர் வழிகிற மாதிரி மலையில் வழிந்து வந்தது. ஹெய்னி மூக்கைச் சிந்திவிட்டுக் கதவின் தாழை நீக்கினான்.

"நீ எறங்காத. அங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டு, மகளுக்கும் வருகிற ஆடுகளுக்கும் நடுவில் சரிவில் போய் நின்றுகொண்டு, கதவைத் திறந்தான்.